முள்ளுக்குள் குடித்தனம்

இன்று காலை கட்டிங் மேசையில் ஒரு மெஷ் துணி ரோலைப் பிரித்தார்கள். விளையாட்டுச் சட்டைக்கு உள்பக்கம் வைத்துத் தைக்கிற வலைத்துணி. உறையைக் கிழித்ததும் புது பாலியெஸ்டரின் அந்த எண்ணெய் கலந்த வாசம் எழுந்தது. பருத்தி வாசத்திலேயே வளர்ந்த நமக்கெல்லாம் அது பிடிக்காது. ஆனாலும் என் கை தானாகப் போய்த் துணியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, அதன் வலைக்கண்களில் நகத்தை விட்டுப் பார்த்தது. டேமேஜா என்று கட்டிங் மாஸ்டர் பதறிப்போய்க் கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். உன் இறால் இதில் நிற்குமா, நழுவிவிடுமா என்று பார்த்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்ல?

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. எனக்கு ஒரு தோழி இருந்தாள் என்று மட்டும்தான் மற்றவர்களிடம் சொல்ல வருகிறது. நீ என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் அது நீளமான கதையாகிவிடுகிறது. உனக்கே எழுதினால் அந்தத் தொல்லை இல்லை.

நீ முதன்முதலாகப் பை கேட்டு வந்தது ஒரு சித்திரை வெயிலில். ஆராய்ச்சிக்கென்று கடலோர ஊரான மண்டபத்துக்குப் போனவள், நம் நல்லூரில் உன் அம்மாவைப் பார்க்க வந்திருந்தாய். அன்றைக்கும் எங்கள் வீட்டில் கீழே தையல் யூனிட், மேலே குடித்தனம். நீ மேலே ஏறவேயில்லை. முகம் கறுத்து, மூக்கு நுனியில் தோல் உரிந்து, ஓவர்லாக் மெஷின்களின் சத்தத்துக்கு நடுவே வந்து நின்றாய்.

"ஏம்புள்ள, ஒரு பை தெச்சுக் குடுப்பியா?"

"என்ன பை? காய் வாங்கறதுக்கா?"

"எறால் புடிக்கறதுக்கு."

தையல் மெஷினில் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய். அப்புறம் ஒரு துண்டுத் துணியை எடுத்துப் பந்தாக உருட்டி, மேசையில் கிடந்த குண்டூசிகளையெல்லாம் அதில் குத்தினாய். கடலுக்கடியில் இப்படி ஒரு ஜீவன் இருக்கிறது, உருண்டை உடம்பு முழுக்க நீண்ட கறுப்பு முட்கள், பெயர் கடல் முள்ளெலி என்றாய். அந்த முட்களுக்கு நடுவே விரல் நகத்தளவு இறால்கள் குடியிருக்கின்றன. முள்ளோடு முள்ளாக ஒட்டி நிற்பதால் எந்த மீனுக்கும் கண்ணில் படுவதில்லை. ஒரு முள்ளெலிக்கு ஒரு ஜோடி, ஆணும் பெண்ணும், ஆயுசு முழுக்க ஒரே வீட்டில். அதை நிரூபிப்பதுதான் உன் ஆராய்ச்சி.

சிக்கல் என்னவென்றால், முள்ளெலியை நீ மேலே தூக்குவதற்குள் இறால்கள் துள்ளி ஓடிவிடுகின்றன. சில முள்ளெலிகளில் ஜோடி கிடைக்கிறது, சிலவற்றில் ஒன்றுதான் கிடைக்கிறது. அந்த ஒன்று நிஜமாகவே தனியாக இருந்ததா, இல்லை அதன் துணை உன் கைக்குத் தப்பிவிட்டதா? உன்னுடைய வழிகாட்டிப் பேராசிரியர் கேட்டது அதைத்தான். "நீ பார்க்காதது வேறு, அங்கே இல்லாதது வேறு" என்று அவர் சொன்னதை என்னிடம் நீ அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாய். அவர் கேட்டதில் தப்பில்லை என்றும் சொன்னாய். அதற்குத்தான் பை. முள்ளெலியைக் கடலுக்கடியிலேயே மூடி, உள்ளே இருப்பது ஒன்றுகூட வெளியே போகாமல் மேலே கொண்டுவர வேண்டும்.

கைக்குக் கிடைத்த பனியன் துணியில் நான் முதல் பையைத் தைத்தேன். ஒரு முள் குத்தியதுதான் தாமதம், பின்னல் விட்டுப்போய் ஏணிப்படி மாதிரி கிழிந்துகொண்டே போனதாம். "உன்ற துணிக்கு முள்ளுன்னா பயமாட்ட இருக்குது" என்று போனில் கேலி செய்தாய். அடுத்தது மெஷ் துணி. அதில் ஒரு இழை அறுந்தாலும் ஓடாது, தண்ணீரும் தங்காது. அதில் தைத்துப் பார்சலில் அனுப்பினேன். அன்று போன் செய்தபோது உன் குரலே சரியில்லை. உள்பக்கத் தையலின் நூல் பிசிறில் ஓர் இறால் சிக்கி, அதற்கு ஒரு கால் போய்விட்டது. நம்மால் ஒரு உயிருக்குக் கால் போனது என்று நீ வருத்தப்பட்டதைக் கேட்டு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு எனக்கும் மனசு கேட்கவில்லை. இடத்தைப் பார்க்காமல் தைப்பது, அளவெடுக்காமல் ரவிக்கை தைப்பது மாதிரிதான். பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு மண்டபத்துக்குப் பஸ் ஏறினேன்.

அதுவரை நான் படகில் ஏறியதில்லை. உனக்குப் படகோட்டிய அண்ணன் அங்கேயே மீன்பிடிக்கிறவர், அதிகம் பேசமாட்டார். பயமாக இருந்தால் நடுப்பலகையில் உட்காரச் சொன்னார். நீ நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டாய். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், நம்மூர்க் குளத்தில்கூடக் காலை நனைக்காதவள், கடலுக்குள் போவதும் வருவதுமாக இருந்தாய். ஒவ்வொரு முறை நீ உள்ளே போனதும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நீ வருவதற்குள் எனக்கு மூச்சு முட்டிவிட்டது.

அன்றுதான் உன் இறாலைப் பார்த்தேன். கடல்நீர் நிரப்பிய தொட்டியில் முள்ளெலியை வைத்துவிட்டுப் பாரு, பாரு என்றாய். எனக்கு முட்கள் மட்டும்தான் தெரிந்தன. நீ ஒரு குச்சியால் மெதுவாகத் தண்ணீரைக் கலக்கினாய். ஒரு முள் தன்னிடத்தை விட்டு நகர்ந்து அடுத்த முள்ளோடு போய் ஒட்டிக்கொண்டது. கருநீல உடம்பு, நெடுக ஒரு வெள்ளைக் கோடு. அந்தக் கோடு இல்லாவிட்டால் கடைசிவரை கண்டுபிடித்திருக்க மாட்டேன். பருமனாக இருந்தது பெண், ஒல்லியாக இருந்தது ஆண். "பொஞ்சாதி பெருசு, புருசன் சிறுசு. உங்கூட்டு மாதிரியே" என்றாய். படகோட்டி அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

பார்த்து முடித்ததும் இறால்களை முள்ளெலியோடு சேர்த்து, எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாய். ஒரு குடித்தனத்தைக் கலைத்தால் அப்படியே திருப்பி வைக்க வேண்டும் என்றாய்.

ஊருக்குத் திரும்பி மூன்றாவது பையைத் தைத்தேன். தையல் முழுக்க வெளிப்பக்கம் வந்து, அதன்மேல் ஒரு பட்டி. வாய்க்கு விறைப்பான வளையம். பழைய பையின் வாயை மூடச் சுருக்குக் கயிற்றை இழுக்கும்போது உண்டாகும் அசைவில்தான் இறால்கள் மிரள்கின்றன என்பதைப் படகில் தெரிந்துகொண்டேனே. ஆகவே இழுக்கிற வேலையே வேண்டாம், கோழிக்குஞ்சைக் கூடையால் கவிழ்ப்பது போல மேலிருந்து கவிழ்த்து, அடியில் ஒரு தகட்டைச் செருகிவிடலாம். நம் இருவரின் யோசனையும் கலந்த பை அது. எது என்னுடையது, எது உன்னுடையது என்று இப்போது பிரிக்க முடியவில்லை.

சில வாரங்கள் உன்னிடமிருந்து சத்தமே இல்லை. ஒருநாள் மதியம் போன் வந்தது.

"உன்ற பை நல்லா வேல செய்யுது புள்ள. அதான் இப்பப் பிரச்சன."

ஒன்றுகூடத் தப்ப முடியாத பையிலும் தனியாக இருந்த பெண் இறால்கள் வந்துகொண்டே இருந்தன. துணை தப்பி ஓடவில்லை, துணையே அங்கு இல்லை. ஒரு வீட்டுக்கு ஒரு ஜோடி என்று நீ கட்டி வைத்திருந்த கோட்டை என் பையால் இடிந்து விழுந்துவிட்டது. இரண்டு வருஷ உழைப்பு. நீ அழுகிறாய் என்றுதான் நினைத்தேன். நீயோ சிரித்துக்கொண்டிருந்தாய். "அப்ப அந்த ஆம்பளைக எல்லாம் எங்க போறானுக?" என்று கேட்டாய். அந்தக் கேள்வி உன்னைப் பிடித்துக்கொண்டது என்பது குரலிலேயே தெரிந்தது.

அதற்குப் பிறகு நீ பழைய கேள்வியை விட்டுவிட்டு இடத்தைக் கவனிக்கத் தொடங்கினாய். பாறையோரத்தில் முள்ளெலிகள் முள்ளோடு முள் உரசும்படி கும்பலாக இருந்தன. அங்கேதான் பெண் இறால்கள் தனியாக இருந்தன. ஆண்கள் முள் தாண்டி முள் தாண்டி வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தன. வெட்டவெளி மணலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த முள்ளெலிகளில் ஜோடி கலையவேயில்லை. அடுத்த வீடு தூரத்தில் இருந்து, வழியெல்லாம் மீன் வாய் திறந்து காத்திருந்தால் ஆண் ஏன் வெளியே கிளம்பப் போகிறது? வீடு பெரிதா சிறிதா, உள்ளே ஒளிய இடமுண்டா, அடுத்த வீடு எத்தனை தூரம் என்ற மூன்றைப் பொறுத்தே அங்கே யார் யாரோடு, எத்தனை பேராக வாழ்வது என்பது அமைகிறது என்று எனக்கு விளக்கினாய். பொந்தும் சந்துமாக இருக்கும் கடல்பஞ்சில் இதே மாதிரிச் சின்ன இறால்கள் ஒரு ஊராகவே கூடி இருக்குமாம்.

பேராசிரியர் இதற்கும் ஆதாரம் கேட்டார். மணலில் தனித்திருந்த முள்ளெலிகளைக் கொண்டுவந்து நெருக்கமாக வைத்துப் பார்த்தாய். அவை ஓரிடத்தில் இருந்தால்தானே? காலையில் வைத்தால் மறுநாள் ஒவ்வொன்றும் ஒரு திசையில் நடந்து போயிருந்தன. கடலுக்கடியில் வேலி போட வேண்டும், மெஷ் துணியில் நீளமாகத் தைத்து அனுப்பு என்றாய். அனுப்பினேன். காற்றுக் காலத்தில் அலை அதைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. படகோட்டி அண்ணனும் நீயுமாகத் தேடிப் பிடித்துக் கிழிந்ததை அனுப்பி வைத்தீர்கள். ஒட்டுப்போட்டுத் திருப்பி அனுப்பினேன். என் வீட்டுக்காரர், எக்ஸ்போர்ட் ஆர்டரைவிடக் கடல் ஆர்டருக்குத்தான் அவசரம் ஜாஸ்தி போலிருக்கிறது என்றார்.

கடைசியில் அது பலித்தது. நெருக்கி வைத்ததும் ஜோடியாக இருந்த ஆண்கள் ஊர் சுற்றக் கிளம்பின. திரும்பவும் பிரித்து வைத்ததும் கிடைத்த இடத்தில் ஜோடியாக அடங்கின. இறால் அதே இறால்தான். மாறியது வீடுகளுக்கு நடுவே இருந்த தூரம் மட்டுமே.

அந்தப் பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது நாம் இருவரும் வீரபாண்டி வரை ஸ்கூட்டரில் போனோம். வழியில் வரிசை வரிசையாக வாடகை அறைகள். ஒரு வாசலில் ஆறேழு வடநாட்டுப் பையன்கள் கூட்டமாக உட்கார்ந்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த அறையில் ஒரு புருஷன் பெண்டாட்டி. நான் பெரிய கண்டுபிடிப்பு செய்தவள் மாதிரி, மனுஷங்களும் உன் இறால் மாதிரிதான், வீட்டைப் பொறுத்துத்தான் குடித்தனம் என்றேன். ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தச் சொன்னாய்.

"அப்படியெல்லாம் சொல்லாத புள்ள. இந்தப் பசங்களுக்கு ஊர்ல அம்மா இருக்குது, ஊடு இருக்குது. இங்க ஒரு ரூம்ல இருக்கறானுகங்கறதுக்காவ அவனுக மனசு அந்த ரூம் அளவுதானா? எறால எறாலாப் பாரு. மனுசன மனுசனாப் பாரு."

எனக்குக் கொஞ்சம் முகம் வாடிவிட்டது. உடனே கரும்பு வாங்கித் தந்து சமாதானப்படுத்தினாய். ஆனால் சொன்னதை நீ மாற்றிக்கொள்ளவில்லை. உன்னிடம் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான் என்று உன்னிடம் சொன்னதாக நினைவில்லை.

நீ டாக்டர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுக்குப் போனபோது உன் அம்மாவை நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டி, தனியாளாக உன்னை ஆளாக்கியவர், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நீ பேசியது, அவர்கள் கேட்டது எல்லாம் ஆங்கிலம். எல்லோரும் கைதட்டியபோது அவரும் கைதட்டினார். வெளியே வந்து என் காதருகே, "எம் புள்ள என்ன கண்ணு சொன்னா?" என்று கேட்டார். எறாலைப் பற்றி என்றேன். "அது தெரியுது" என்றார். அதற்குள் நீ எல்லோரையும் போட்டோவுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாய்.

பிறகு கடலோரக் கல்லூரி ஒன்றில் உனக்கு வேலை கிடைத்தது. கொஞ்ச காலத்திலேயே உடம்புக்கு வந்துவிட்டது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் புற்று என்று சொன்னார்கள். முடி கொட்டி, நல்லூர் வீட்டில் கட்டிலோடு கட்டிலாக நீ கிடந்தபோது பார்க்க வந்த சொந்தக்காரர்களில் ஒருத்தர் விடாமல், உப்புத்தண்ணியிலேயே கிடந்ததால்தான் இப்படி ஆயிற்று என்றார்கள். உன் அம்மாவும் அதை நம்பிவிட்டார். கடல் என்ற சொல்லே அந்த வீட்டில் ஆகாமல் போயிற்று. டாக்டரிடமே கேட்டுப் பாருங்கள், இதற்கும் கடலுக்கும் சம்பந்தமில்லை என்று நீ பொறுமையாகச் சொல்வாய். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

மதியம் யூனிட்டில் சாப்பாட்டு நேரம் வந்ததும் நான் உன்னிடம் ஓடிவருவேன். பக்கத்து வீட்டு நிட்டிங் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். நீ கண்ணை மூடிக்கொண்டு பேசுவாய். அடுத்து என்னென்ன பார்க்க நினைத்திருந்தாய் என்பதை எல்லாம் சொல்வாய். முள்ளெலி வளர வளர அதன் மேலிருக்கிற இறாலும் வளருமா, சின்ன வீட்டில் சிக்கிய இறால் கடைசிவரை சின்னதாகவே இருந்துவிடுமா என்பது உன் அடுத்த கேள்வி. அதற்கு எந்த அளவில் பை வேண்டும் என்றுகூட இருவரும் பேசி முடிவு செய்தோம். தைக்கப் போவதில்லை என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் வளையம் எத்தனை அங்குலம் என்று வாக்குவாதம் செய்தோம்.

ஒருநாள் மட்டும் உன் குரல் உடைந்தது. "எல்லாத்துக்கிட்டயும் என்ற எறாலப் பத்திச் சொல்லிட்டேன் புள்ள. அம்மாகிட்டதான் சொல்ல முடியல. ஆரம்பிச்சா அழுவுது. பாதியிலயே நிறுத்திப்போடறேன்." உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த மாதம் நீ இல்லை.

உனக்குப் பின்னால் உன் அம்மாவை இரண்டு நாளைக்கு ஒருமுறையாவது போய்ப் பார்க்கிறேன். காய் வாங்கிக் கொடுப்பேன், மாத்திரை இருக்கிறதா என்று பார்ப்பேன். உன்னைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. இந்தத் தை மாதத்தில் ஒருநாள் நான் கிளம்பும் நேரம், செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவளிடம் கேட்டார்.

"அப்படி என்ன கண்ணு இருந்துச்சு அங்க?"

கேட்ட விதத்தில் கோபமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் விளக்கத் தொடங்கினேன். முள்ளெலி என்றதுமே அவர் கண் நிறைந்துவிட்டது. நீ சொன்னது சரிதான், பாதிக்கு மேல் போகவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாமா என்று கேட்டேன். அவர் கதவைப் பிடித்தபடி முழங்காலைத் தடவிக்கொண்டார். அப்புறம், "என்ற முழங்காலு படகுல ஏறுமா?" என்றார்.

மண்டபத்தில் படகோட்டி அண்ணனுக்குத் தலை நரைத்துவிட்டிருந்தது. யாரென்று சொன்னதும், உன் அம்மாவைக் கிட்டத்தட்டத் தூக்கியே படகில் ஏற்றினார். ஆழமில்லாத பாறையோரமாக நிறுத்தினார். நீச்சல் கண்ணாடியெல்லாம் அம்மாவுக்குச் சரிப்படாது என்று, அடியில் கண்ணாடி பதித்த ஒரு வாளியைக் கொண்டுவந்திருந்தார். அதைத் தண்ணீரில் பாதி அமிழ்த்தினால் அடிமட்டம் வரை தெளிவாகத் தெரிகிறது. அம்மா ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். முதலில் வெறும் முள்ளு என்றார். அண்ணன் ஒரு கழியைத் தண்ணீருக்குள் விட்டு லேசாக அசைத்தார். அம்மாவின் கை என் தோளில் இறுகியது.

"நவுருது கண்ணு. ஒரு முள்ளு நவுருது."

"அதான் எறாலுங்கம்மா" என்றேன்.

அவர் நிமிரவேயில்லை. வெயில் முதுகில் ஏறியது. நான் என் துப்பட்டாவை அவர் தலைமேல் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, இது ஒண்டியாக இருக்கிறதே, துணை எங்கே என்று கேட்டார். யாரும் சொல்லித் தராமலே அவர் உன் கேள்விக்கு வந்து சேர்ந்துவிட்டார். பக்கத்துக் கும்பலைக் காட்டி, அங்கே எங்காவது சுற்றிக்கொண்டிருக்கும் என்றேன். அப்படியானால் அங்கே போய்ப் பார்க்கலாம் என்று அண்ணனிடம் சொன்னார். அங்கே போனோம். பிறகு மணல் பக்கம் போய் ஜோடியாக இருந்ததைப் பார்த்தோம். அண்ணன் அலுக்காமல் படகைத் திருப்பித் திருப்பி நிறுத்தினார். "அந்தப் புள்ளையும் இப்பிடித்தாம்மா, போதும்னு சொல்லவே சொல்லாது" என்றார். அம்மா வாளியிலிருந்து முகத்தை எடுக்காமலே தலையை ஆட்டினார். அழவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோர இருக்கை. பக்கத்தில் மதுரைக்குப் போகிற ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்தார். நான் முன் இருக்கையில். கோயிலுக்கா போய்விட்டு வருகிறீர்கள் என்று அந்த அம்மாள் கேட்டார்.

"இல்லீங்க. எம் புள்ள படிச்ச எறாலப் பாத்துப்போட்டு வாறமுங்க" என்றார் உன் அம்மா.

அதன்பிறகு பஸ் சத்தத்தையும் மீறி அவர் குரல்தான். முள்ளுக்குள் குடியிருக்கிறது, பொம்பளை பெருசு, ஆம்பளை சிறுசு, ஊடு கிட்டக் கிட்ட இருந்தால் அவன் நிற்கமாட்டான், தூரமாக இருந்தால் போகமாட்டான். அந்த அம்மாள் ஆச்சரியப்பட்டுக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். நடுவில் சிலதை மாற்றித்தான் சொன்னார் உன் அம்மா. நான் திருத்தவில்லை. ஓரிடத்தில் வந்து நின்றுவிட்டார். பின்னாலிருந்து என் தோளைத் தட்டினார்.

"அப்பறம் அவ என்ன பண்ணுனா கண்ணு? நீ சொல்லு."

நான் இருக்கையில் திரும்பி மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டேன். மிச்சத்தைச் சொன்னேன். நீ முள்ளெலிகளைச் சேர்த்து வைத்தது, அவை நடந்து போய்விட்டது, திரும்பப் பிரித்து வைத்தது, எல்லாம். உன் வார்த்தைகள் ஒன்றுவிடாமல் என் வாயில் இருந்தன. மானாமதுரை தாண்டுகிறவரை சொன்னேன். உன் அம்மா முழுதும் கேட்டார்.